காலியாக விடக் கூடாது

நான் மருத்துவர் இல்லை.
பரெய்ரு துறையில் லிஸ்பன் படகுக்குச்
சீட்டுக் கொடுப்பவள்.
வருஷத்துக்கு ஒரு நீண்ட லீவு,
இருபத்து மூன்று கிலோ பெட்டி.
அதில் எனக்கென்று இரண்டு கிலோ.
மீதியெல்லாம் யார் யாரோ
இருமி முடித்தது, வலித்து ஓய்ந்தது,
முடிக்காமலே போனது.

தியோலிண்டா பதினொரு இன்சுலின் பேனாக்கள் தந்தாள்.
ஒன்றும் பிரிக்கவில்லை. காலாவதி அடுத்த மார்ச்.
"வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தன.
ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும்
அவர் அங்கேயே இருந்தார்.
எடுத்துப் போ."
அன்றிரவு சமையலறை மேசையில்
பெயர்ச் சீட்டுகளை நகத்தால் உரித்தேன்.
ஒன்று மட்டும் வர மறுத்தது:
அடெலினு. காலை உணவுக்கு முன்.

பிஸ்ஸாவு விமான நிலையம், இரவு இரண்டரை.
சுங்க அதிகாரிக்குத் தூக்கம், எனக்கு வியர்வை,
குளிர்ப்பைக்கும் வியர்வை.
"மதிப்பு?"
தானம் ஐயா, மதிப்பில்லை.
"மதிப்பில்லாததை எதற்குச் சுமந்து வந்தாய்?"
பதில் தெரியவில்லை.
"கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, அம்மா."
ஒரு யூரோ என்று எழுதினேன்.
முத்திரை விழுந்தது,
நாலாயிரம் மாத்திரைக்கும்
ஓர் ஆணின் கடைசி வசந்தத்துக்கும் சேர்த்து.

தீவுக்குப் போகும் படகு
நீர் இறங்கிய நேரத்தில் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்தது.
"நீர் ஏறினால் போகலாம்" என்றார் படகோட்டி,
ஏதோ பஸ் வரும் என்பதுபோல.
ஆறு மணி நேரம்.
ஆடுகள் நிழல் மாறி மாறிப் படுத்தன.
குளிர்ப்பைக்குள் கையை விட்டேன்:
குளிக்கும் தண்ணீர்.

பக்கத்தில் செகுந்தா. அவளிடம் ஒரு பெட்டி நிறைய ஐஸ்.
தீவில் மீன் வாங்கி நகரத்தில் விற்பவள்.
நான் கேட்கவில்லை.
என் கை திரும்பத் திரும்பப் பைக்குள் போவதைப் பார்த்து
அவள்தான் கேட்டாள்.
சொன்னேன். இதையும் சொன்னேன்:
சூடு ஆகாது, உறையவும் கூடாது.
"குழந்தைகூட இவ்வளவு கேட்காது" என்றாள்.
தலைத்துணியை அவிழ்த்துப்
பதினொன்றையும் சுற்றி, பைக்குள் வைத்து,
மேலேயும் கீழேயும் ஐஸ் உடைத்துக் கொட்டினாள்.
பிறகு விலை சொன்னாள்.
ஆயிரத்து ஐந்நூறு பிராங்க்.
கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டாள்.

புபாக்கேயில் கின்டினு, மருத்துவமனையின் ஒரே இரவு நர்ஸ்,
பேனாக்களை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே
தூக்கிப் பார்த்தான். தெளிவாக இருந்தன.
கட்டிலில் இஸ்னாபா, ஒன்பது வயது,
தண்ணீர் தண்ணீர் என்று கேட்டே உலர்ந்தவன்.
எழுத்துக்கூட்டிப் படித்தான்:
"அ டெ லி னு. இது யார்?"
மருந்தின் பெயர் என்று கின்டினு சொல்லிவிட்டான்.
நான் திருத்தவில்லை.
மறுநாள் காலை அவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு
கத்தியது வாசல்வரை கேட்டது:
"அடெலினு இன்னும் வரலையா?"

இதைத் தியோலிண்டாவிடம் சொல்ல வேண்டும்.
எப்படி என்றுதான் தெரியவில்லை.

திரும்பும் படகில் செகுந்தா.
பெட்டியில் பாதிதான் மீன்.
மீதி ஐஸுக்கு அவ்வளவுதான் தாங்கும் என்றாள்.
சீட்டுக் கொடுப்பவளுக்குக் கணக்கு வரும்.
கிலோ எவ்வளவு, எத்தனை கிலோ குறைவு,
மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.
ஆயிரத்து ஐந்நூறு அதன் காலுக்கும் எட்டவில்லை.
வாயைத் திறந்தேன்.
அவள் என் கைப்பையைக் காட்டினாள்.
"நனையுது பார், கொடு" என்று வாங்கி
பெட்டியின் காலிப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

நவம்பர் வந்துவிட்டது.
சீட்டு வாங்க வருபவர்கள்
ஜன்னலருகே மூக்கைச் சுளிக்கிறார்கள்.
என் ஸ்வெட்டரில் இன்னும்
மீன் வாசம்.